தண்ணி கடிகாரம் பாத்தா வருது?

2008 டிசம்பர். சின்னமனூரிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு எர்ணாகுளம் போன லாரியில் மாமாவோடு நானும் தொற்றிக்கொண்டேன். அப்போது பதினொன்றாம் வகுப்பு. குமுளி ஏறி, கோட்டயம் வழியாக இறங்கி, விடியும் முன்னே மார்க்கெட்டில் சரக்கைத் தள்ளியாயிற்று. "இம்புட்டுத் தூரம் வந்துட்டோம், கடலப் பாத்துட்டுப் போவோம் மாப்ள" என்று மாமா கொச்சிப் பக்கம் கூட்டிப்போனார். வெலிங்டன் தீவுப் பக்கமாக, நூறடி உயரத்தில் சில கம்பங்கள் நின்றுகொண்டிருந்தன. கோயில் கொடிமரத்தைத் தவிர அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டோம். "வோல்வோ" என்றார். மாமா என் பக்கம் திரும்பினார். "பஸ்ஸு கம்பெனிக்காரன் எதுக்குடா பாய்க்கப்பல் விடுறான்?"

எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருபது ரூபாய் செலவழித்துத் தெரிந்துகொண்டேன். வோல்வோ ஓஷன் ரேஸ். அக்டோபரில் ஸ்பெயினின் அலிகாந்தே துறைமுகத்தில் கிளம்பி, கேப்டவுன் வழியாகக் கொச்சி வந்து, அங்கிருந்து சிங்கப்பூர் போகிற உலகம் சுற்றும் போட்டி. இந்தியாவுக்கு அது வந்தது அதுதான் முதல் தடவை. எழுபதடி நீளப் படகு, பதினொரு பேர், நாலு மணி நேரம் வேலை, நாலு மணி நேரம் தூக்கம். ஒருவர் எழுந்த படுக்கையின் சூட்டில் அடுத்தவர் படுக்க வேண்டும். சோறு கிடையாது, வெந்நீர் ஊற்றினால் ஊறுகிற உலர்ந்த பொட்டலம்தான். இதெல்லாம் சுவாரசியமாக இருந்தது. ஆனால் மனசில் ஆணி அடித்தது வேறொரு தகவல். அந்தப் போட்டியில்தான் படகுக்கு ஒரு செய்தியாளர் கட்டாயம் என்று விதி கொண்டுவந்தார்கள். பதினொரு பேரில் ஒருவர். தினமும் படம் எடுக்கணும், எழுதணும், கரைக்கு அனுப்பணும். ஆனால் பாய்க்கயிற்றைத் தொடக் கூடாது, சுக்கான் பிடிக்கக் கூடாது. சமைக்கலாம், பாத்திரம் கழுவலாம், உள்ளே வந்த தண்ணீரை இறைக்கலாம். அம்புட்டுதான்.

வேலை செய்கிறவன் எழுத மாட்டான், எழுதுகிறவன் வேலை செய்யக் கூடாது என்று ஒரு போட்டியின் விதிப்புத்தகமே சொல்லிவிட்டது. இலக்கியம் வாசிக்க ஆரம்பித்து இத்தனை வருஷத்தில் இந்தச் சிக்கலை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கடலில் ஒருவன் தன் அன்றாடத்தை எப்படி எழுதுகிறான், அது எப்போது மெய்யாகிறது, எப்போது கெடுகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்க நினைக்கிறேன். அதற்கு, வேலையும் எழுத்தும் ஒரே ஆளின் தலையில் விழுந்த ஒரு போட்டிக்குப் போக வேண்டும்.

1968-இல் லண்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது. பெயர் கோல்டன் குளோப். தனி ஆளாக, எங்கேயும் நிற்காமல், யாரிடமும் உதவி வாங்காமல் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வர வேண்டும். ஜூன் 1 முதல் அக்டோபர் 31-க்குள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். (எங்கள் ஊரில் ஜூன் 1 என்றால் முதல் போகத்துக்குப் பெரியாறு அணை திறக்கிற தேதி. இந்தத் தற்செயலில் எனக்கு அல்ப சந்தோஷம்.) ஒன்பது பேர் கிளம்பினார்கள். திரும்பி வந்து சேர்ந்தவர் ஒரே ஒருவர். அந்த ஒரு போட்டியிலிருந்து பிறந்த மூன்று புத்தகங்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். வந்து சேர்ந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எழுதியது ஒன்று. ஜெயிக்கிற நிலையிலிருந்தும் வீடு திரும்பாமல் தாகிட்டித் தீவுக்குப் போய்விட்ட பிரெஞ்சுக்காரர் பெர்னார் முவாத்தெசியே எழுதியது இன்னொன்று. மூன்றாவது, உலகைச் சுற்றாமலே சுற்றியதாகச் சொன்ன டொனால்ட் க்ரோஹர்ஸ்டைப் பற்றி நிக்கொலாஸ் டோமலினும் ரான் ஹாலும் சேர்ந்து 1970-இல் எழுதியது.

இலக்கிய நண்பர்களிடம் பேசினால் எல்லாருக்கும் இரண்டாவது பிடிக்கும், மூன்றாவது இன்னும் பிடிக்கும். முதல் புத்தகத்தை யாரும் சீந்துவதில்லை. எனக்கு முதல் புத்தகம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

நாக்ஸ்-ஜான்ஸ்டனின் படகு சுஹைலி. முப்பத்திரண்டு அடி. தேக்கு மரம். கட்டியது எங்கே என்று நினைக்கிறீர்கள்? பம்பாயில். அவர் அப்போது வணிகக் கப்பலில் அதிகாரி. நம் ஊர் ஆசாரிகள் இழைத்த படகு அது. பாரசீக வளைகுடாவில் அடிக்கிற தென்கிழக்குக் காற்றுக்கு அரபு மாலுமிகள் வைத்த பெயர் சுஹைலி. சுஹைல் என்பது நட்சத்திரமும்கூட, நாம் அகத்தியர் என்று சொல்கிற அதே நட்சத்திரம். 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத்தில் கிளம்பி, 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே வந்து சேர்ந்தார். 312 நாள்.

அந்த 312 நாளில் என்ன நடந்தது? புத்தகத்தைத் திறந்தால் ரிப்பேர், ரிப்பேர், ரிப்பேர். படகின் அடியில் பலகை இணைப்பு விட்டுத் தண்ணீர் கசிகிறது. நடுக்கடலில் குதித்து, மூச்சடக்கி, கேன்வாஸ் துணிப்பட்டையைச் செப்பு ஆணியால் அடிக்கிறார். சுறா ஒன்று சுற்றுகிறது. மேலே ஏறிவந்து துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி குதிக்கிறார். தென்னாப்பிரிக்காவுக்குக் கீழே புயலில் படகு புரள்கிறது. பிறகு பார்த்தால் தொட்டியில் இருந்த குடிநீர் கெட்டுப்போயிருக்கிறது. அதிலிருந்து மழைத்தண்ணீரை நம்பித்தான் பிழைப்பு. ரேடியோ கெடுகிறது. ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது, காற்றைப் பார்த்துத் தானாகவே சுக்கான் பிடிக்கிற கருவி உடைந்துபோகிறது. ஒரு நாள் கிழிந்த பாயைத் தைத்துக்கொண்டிருக்கும்போது மீசை மயிர் நூலோடு சேர்ந்து முடிச்சில் மாட்டிக்கொள்கிறது. கத்தி எட்டாத தூரத்தில். கடைசியில் மீசையைப் பிய்த்துக்கொள்கிறார்.

இதையெல்லாம் அவர் எழுதியிருக்கிற விதம் இருக்கிறதே, எந்த உத்தியும் இல்லை. மெக்கானிக் கடையில் ஒருத்தர் என்ன வேலை பார்த்தேன் என்று பில்லுக்காகச் சொல்கிற மாதிரி. வானம், தனிமை, மரணம் என்று தனியாக உட்கார்ந்து யோசிக்கிற பக்கங்கள் ரொம்பக் குறைவு. முதல் முறை படித்தபோது நானே பாதியில் மூடி வைத்தேன்.

திரும்ப எடுத்ததற்குக் காரணம் மாமா.

கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர் என்று பேப்பரில் அடிக்கடி படித்திருப்பீர்கள். லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை. அந்தக் கணக்கில் எங்கள் குடும்பத்தின் ஒன்றரை ஏக்கர் வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. அணையில் தண்ணீர் இறங்கிவிட்டால் முறைத்தண்ணி. இன்ன இரவு, இன்ன வயல், இத்தனை மணி நேரம். எங்கள் பகுதிக்கு விவசாயிகள் சேர்ந்து மாமாவை நியமித்திருந்தார்கள். சாயங்காலம் டார்ச், மம்பட்டி, ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொண்டு போவார். எந்த மடையை எத்தனை மணிக்குத் திறந்தார், எப்போது அடைத்தார், குச்சியில் எத்தனை விரல் தண்ணீர் என்று எழுதுவார். நடுவில் மோட்டார் ரூம் திண்ணையில் படுப்பார். படுப்பார் என்றுதான் சொல்ல முடியும். மேலே யாராவது மடையை உடைத்துவிட்டால் வாய்க்காலின் சத்தம் மாறும். அந்தச் சத்தத்துக்கு எழுந்துவிடுவார்.

தனியாகப் படகு ஓட்டுகிறவர்களின் தூக்கம் அச்சு அசலாக இதுதான். கப்பல் போக்குவரத்து உள்ள இடத்தில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து சுற்றிலும் பார்க்க வேண்டும். அடிவானத்தில் தெரியாத கப்பல் நம் மேல் வந்து மோத அவ்வளவு நேரம் போதும். தென்கடலில் கப்பல் கிடையாது, கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம். ஆனால் காற்று மாறினால் கயிற்றின் சத்தம் மாறும், காது எழுப்பிவிடும். உப்பில் நனைந்த துணி என்றைக்கும் காயாது, ஏனென்றால் காற்றிலிருக்கிற ஈரத்தையும் உப்பு இழுத்துக்கொள்ளும். அதனால் படுக்கையும் ஈரம், போர்வையும் ஈரம். எழுந்ததும் காற்றழுத்தமானியைப் பார்க்கணும். எந்தக் கயிறு எங்கே உரசித் தேய்கிறது என்று தடவிப் பார்க்கணும். மழை வந்தால் பாயின் அடியில் வாளி கட்டணும். மத்தியானம் செக்ஸ்டன்ட் என்கிற கருவியால் சூரியன் எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்று அளக்கணும். உச்சிச் சூரியன் வடக்கு-தெற்கு சொல்லிவிடும். கிழக்கு-மேற்குக்குச் சரியான நேரம் வேண்டும். கடிகாரம் நாலு வினாடி தப்பினால் பூமத்தியரேகைப் பக்கம் ஒரு கடல்மைல் தப்பும். ஒரு நிமிஷம் தப்பினால் பதினைந்து. இருட்டில் ஒரு பாறைத்தீவு இருக்கிற கடலில் பதினைந்து மைல் என்பது உயிர். இத்தனையையும் முடித்துவிட்டு லாக் புத்தகத்தில் எழுதணும். நேரம், இடம், காற்று, பாய், என்ன உடைந்தது. நாளைக்கும் இதே. நாளை மறுநாளும் இதே.

நாக்ஸ்-ஜான்ஸ்டனின் புத்தகம் இந்த 'இதே'யை ஒளிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. நம்முடைய கடல் எழுத்தின் பலமும் இதுதான். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' எல்லாவற்றிலும் கடல் ஒரு வேலைத்தளம். கட்டுமரத்தில் போகிறவனுக்கு அது சாகசமா தியானமா என்று யோசிக்க நேரம் கிடையாது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் அந்தப் புயல் இத்தனை பேசப்படுகிறதே, அங்கேயும் தோணியைக் காப்பாற்றுகிற கைவேலை சரியாக எழுதப்பட்டிருப்பதால்தான் புயல் நம்மை நனைக்கிறது. என்ன, நம் ஆட்களுக்குப் போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. ஆனால் மம்பட்டிக்காரர், மீனவர், நாக்ஸ்-ஜான்ஸ்டன் மூவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்தால் பேசிக்கொள்வார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி க்ரோஹர்ஸ்ட்.

டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் எலெக்ட்ரானிக்ஸ் கருவிகள் செய்து விற்ற சிறு தொழிலதிபர். தொழில் படுத்துக்கொண்டது. மூன்று உடல் கொண்ட புது மாதிரிப் படகு ஒன்றைக் கட்டிப் போட்டியில் இறங்கினார். பாதியில் விட்டால் படகுக்குப் பணம் போட்டவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிய ஒப்பந்தம். அதாவது திவால். கடைசி நாளான அக்டோபர் 31 அன்று, முடிவடையாத படகில் கிளம்பினார். உள்ளே வந்த தண்ணீரை இறைக்க வேண்டிய குழாய் கரையிலேயே கிடந்தது. சில வாரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது, இந்தப் படகு தென்கடலில் தாங்காது. திரும்பினால் வீடு போகும். தொடர்ந்தால் உயிர் போகும். டிசம்பரில் அவர் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார். பொய்யான இடங்களைக் கரைக்கு அனுப்பத் தொடங்கினார். ஒரே நாளில் 243 மைல் ஓடினேன் என்றார். பத்திரிகைகள் கொண்டாடின. அவர் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, மற்றவர்கள் உலகைச் சுற்றித் திரும்பி வரும்போது அவர்களோடு கலந்துகொள்ளக் காத்திருந்தார். நடுவில் ரகசியமாக அர்ஜென்டினாவில் ஒதுங்கிப் படகை ரிப்பேர் செய்தார்.

டோமலினும் ஹாலும் இதை விவரித்திருக்கும் விதத்தில் என்னை உறையவைத்தது, பொய் எழுதுவதில் இருந்த உழைப்பு. உண்மையான ஆள் சூரியனை அளந்து, கணக்குப் போட்டு, இடத்தைக் கண்டுபிடிக்கிறான். பொய் சொல்கிறவன் முதலில் இடத்தை முடிவுசெய்து, அந்த இடத்தில் அந்த நேரத்தில் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்று தலைகீழாகக் கணக்குப் போட வேண்டும். போகாத கடலின் வானிலை தெரிந்திருக்க வேண்டும். உலகம் சுற்றுவதைவிட இது சிரமம். க்ரோஹர்ஸ்ட் உண்மையிலேயே கெட்டிக்காரர். அதுதான் கொடுமை.

இந்தப் பக்கங்களைப் பெங்களூரில் ஒரு மேன்ஷன் அறையில் படித்தபோது எனக்கு வியர்த்தது. ஏனென்றால் நானும் ஒரு லாக் புத்தகத்தில் பொய் எழுதியிருக்கிறேன்.

கொச்சி போய் வந்ததற்கு அடுத்த வருஷம். இரண்டாம் போகம், மாசி மாதம். கதிர் பால் பிடிக்கிற நேரம். மாமாவுக்குக் காய்ச்சல். "ஒரு ராத்திரி மட்டும் பாத்துக்க மாப்ள" என்று டார்ச்சையும் நோட்டையும் கொடுத்தார். பத்தரை வரை முழித்திருந்தேன். பிறகு மோட்டார் ரூமில் சாய்ந்தவன் நாலு மணிக்குத்தான் எழுந்தேன். வாய்க்காலில் சத்தமே இல்லை. மேலே யாரோ திருப்பிவிட்டிருந்தார்கள். நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். நோட்டை எடுத்தேன். முதல் மடை 11.00, அடைத்தது 12.30. இரண்டாவது 12.30, அடைத்தது 2.00. மூன்றாவது 2.00, 3.30. விரல் கணக்கையும் போட்டேன். மூன்று விரல், மூன்று விரல், மூன்று விரல். கையெழுத்து நடுங்கியிருக்குமோ என்று பேனாவை மாற்றி ஒரு வரியை மட்டும் திருத்தி எழுதினேன். அந்தத் திருத்தத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மாமா கட்டிலில் உட்கார்ந்து நோட்டை விரித்தார். முந்தைய பக்கங்களில் அவர் எழுதியது 11.17, 12.52, 1.08 என்று இருந்தது. என் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்ணி கடிகாரம் பாத்தா வருது?" என்றார்.

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது வயல் ஒரு அப்பத்தாவுடையது. அரை ஏக்கர். அடுத்த முறைக்கு ஒன்பது நாள். அறுத்தபோது பாதி சாவியாகப் போயிருந்தது. அப்பத்தா மேல்மடைக்காரர்களைத்தான் திட்டினார், என்னை இல்லை. அறுப்பு முடிந்து மாமா எங்கள் நெல்லில் ரெண்டு மூட்டையை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை.

க்ரோஹர்ஸ்ட் கதையிலும் ஒரு மூன்றாவது வயல் உண்டு. நைஜல் டெட்லி. அவரும் மூன்று உடல் படகில்தான் போனார், உண்மையிலேயே தென்கடலைத் தாண்டி வந்தார். வீட்டுக்கு ஏறக்குறைய ஆயிரத்து நூறு மைல் மிச்சம். பின்னால் க்ரோஹர்ஸ்ட் வேகமாக நெருங்குகிறார் என்ற செய்தி. ஏற்கெனவே நைந்துபோயிருந்த படகை விரட்டினார். 1969 மே 21 அன்று படகு உடைந்து மூழ்கியது. அவர் தப்பினார். அவரை விரட்டியது ஒரு கற்பனைப் படகு. இனி க்ரோஹர்ஸ்ட்தான் வேகத்துக்கான பரிசை வெல்லப்போகிறவர். வென்றால் அவருடைய லாக் புத்தகத்தைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து சரிபார்ப்பார்கள். ஜூன் கடைசியில் அவர் படகு ஓட்டுவதையே விட்டுவிட்டு எழுதத் தொடங்கினார். சுமார் 25,000 சொற்கள். காலம், கடவுள், மனித மனம் உடலைவிட்டுப் போவது பற்றி. ஜூலை 1 அன்று எழுத்து நின்றது. கடைசியாக அவர் குறித்த நேரம் 11 மணி 20 நிமிடம் 40 வினாடி. ஜூலை 10 அன்று ஒரு கப்பல் அந்தப் படகை ஆளில்லாமல் கண்டெடுத்தது.

இந்தப் புத்தகத்தை இளைஞர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. நம் எல்லார் போனிலும் இரண்டு லாக் புத்தகம் இருக்கிறது. ஆனால் ஒரு புகார். டோமலினும் ஹாலும் போட்டியை நடத்திய அதே சண்டே டைம்ஸின் ஆட்கள். பத்திரிகைகளின் ஆரவாரத்தைப் பற்றி அவர்கள் நேர்மையாகவே எழுதுகிறார்கள். ஆனாலும் புத்தகத்தின் எடை முழுக்க ஒரு மனம் எப்படிக் கலைந்தது என்ற பக்கம் சாய்ந்துவிடுகிறது. வாராவாரம் தலைப்புச் செய்திக்கு மைல் கணக்குக் கேட்ட இயந்திரம் பின்னணியில் போய்விடுகிறது. வெறும் "இன்று அலை பெரிது, கதவு வழியே தண்ணீர் வருகிறது, இறைத்தேன்" என்ற தந்தி வந்திருந்தால் அதை யார் அச்சடித்திருப்பார்கள்? கடைசி 25,000 சொற்களை மட்டும் எடுத்து 'பித்தின் கவித்துவம்' என்று சிலாகிக்கிற வாசிப்பு எனக்கு ஒப்பவில்லை. படகில் ஓட்டை இருந்தது, குழாய் இல்லை. அங்கிருந்துதான் வாசிக்க வேண்டும்.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ன செய்தார் தெரியுமா? வேகப் பரிசு 5,000 பவுண்டு கடைசியில் அவருக்கே வந்தது. அதை க்ரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய லாக் புத்தகம் மாதிரியே ஒரு செய்கை. வியாக்கியானம் இல்லை.

முவாத்தெசியேவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவர் மேல் இருக்கிற காதல் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. வியட்நாமில் பிறந்து வளர்ந்தவர். கனமான ரேடியோவைக் கூட வைத்துக்கொள்ள மாட்டேன் என்று கவண்கல் மாதிரிக் கவணில் வைத்துக் கப்பல்களுக்குச் செய்தி எறிந்தவர். நியூசிலாந்துக்குத் தெற்கே, நூற்றுக்கும் மேற்பட்ட கடல்பன்றிகள் படகின் பக்கத்தில் திரும்பத் திரும்ப வலப்பக்கமாகவே திரும்பிக் காட்டுகின்றன. ஏதோ சரியில்லை என்று திசைகாட்டியைப் பார்க்கிறார். காற்று மாறியிருக்கிறது, படகு பாறைகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. திருப்புகிறார். அந்த இடம் எத்தனை முறை படித்தாலும் சிலிர்க்கும். ஆனால் கவனியுங்கள், அதிசயத்தை முடித்துவைப்பது திசைகாட்டியைக் குனிந்து பார்க்கிற அன்றாடச் செயல்தான். அந்தப் புத்தகத்தில் நான் நம்புவது இந்தக் குனிவுகளை. கடலில் சந்தோஷமாக இருப்பதால் திரும்பவில்லை, ஆன்மாவைப் பற்றிய கவலையும் இருக்கிறது என்கிற தொனியில் அவர் லண்டனுக்குச் செய்தி அனுப்பிவிட்டுத் திசை மாறும்போது, இருபது வயதில் எழுந்து நின்று கைதட்டினேன். இப்போது அந்தப் பக்கம் வந்தால் அவர் மனைவி எந்தத் துறைமுகத்தில் நிற்கிறாள் என்று தேடுகிறேன். எங்கள் பக்கம் குடும்பத்தை விட்டுவிட்டுச் சுருளி மலைக்குப் போய் உட்கார்ந்தவர்களின் கதை நிறைய உண்டு. அவர்கள் வீட்டு வயலுக்கு அன்றிரவு யார் தண்ணி கட்டினார்கள் என்பதை மட்டும் அந்தக் கதைகள் சொல்லாது.

2018-இல், ஐம்பதாம் ஆண்டையொட்டி இதே போட்டியைத் திரும்ப நடத்தினார்கள். 1968-இல் இருந்த கருவிகள் மட்டும். ஜிபிஎஸ் கிடையாது, செக்ஸ்டன்டும் காகித வரைபடமும்தான். பாட்டுக் கேட்க கேசட். நம் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமி, சுஹைலியின் அதே வரைபடத்தில் கோவாவில் கட்டிய 'துரியா' என்ற படகில் கலந்துகொண்டார். செப்டம்பர் 21 அன்று தென்னிந்தியப் பெருங்கடலில் புயல் படகைப் புரட்டியது. பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் பலத்த அடி. எழுந்திருக்க முடியாமல் மூன்று நாள் அறைக்குள் கிடந்தார். அதே புயலில் தன் பாய்மரத்தையும் இழந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்குகின், மிச்சம் இருந்ததை வைத்து ஒப்பேற்றிக்கொண்டு அவரை நோக்கிப் படகைத் திருப்பினார். ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் அதற்கு முன்பே வந்து அபிலாஷைத் தூக்கியது. முதுகில் டைட்டானியம் வைத்துத் தைத்தார்கள். நாலே வருஷம். 2022 செப்டம்பரில் அதே போட்டியில் மறுபடி கிளம்பி, 236 நாள் கழித்து, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக வந்து சேர்ந்தார். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நொய்ஷாஃபர் என்ற பெண். அவரும் நடுவில் ஒரு நாள் போட்டியை நிறுத்திவிட்டு, படகு மூழ்கிப்போன சக போட்டியாளரைக் கடலிலிருந்து தூக்கியவர்.

அபிலாஷின் கதையை நம் ஊடகங்கள் எழுதியது முழுக்க 'மரணத்தை வென்ற வீரர்'. எனக்கு அதில் ஒரே ஒரு தகவல் போதுமாக இருந்தது. காற்றுக்கேற்பச் சுக்கான் பிடிக்கும் கருவியின் பலகை உடைந்து உடைந்து போனபோது, அவர் படகிலிருந்த கழிவறைக் கதவை அறுத்துப் பலகை செய்துகொண்டார். உலகம் சுற்றிய 236 நாளில் வேறெதையும்விட இந்தக் கதவு என்னோடு தங்கிவிட்டது.

இது போட்டி இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் 2 முதல் 2025 மே 29 வரை நம் கடற்படையின் தாரிணி படகில் இரண்டு பெண்கள் உலகைச் சுற்றி வந்தார்கள். கோழிக்கோட்டின் தில்னா, புதுச்சேரியின் ரூபா. தமிழ் பேசுகிற ஒருவர் அந்தத் தென்கடலில் எட்டு மாதம் காவல் இருந்திருக்கிறார். என் ஆசை, அவர் அதை எழுத வேண்டும், தமிழில். வரவேற்புரை மாதிரி வேண்டாம். எந்தக் கயிறு தேய்ந்தது, அரிசி எப்போது பூஞ்சை பிடித்தது, எந்த இரவில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை, தூக்கம் எத்தனை மணிக்குக் கலைந்தது. 11.17 என்று எழுதட்டும். ஒருவேளை எழுதிக்கொண்டிருக்கலாம்.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கணவாய் வழியாக இறங்குகிற அந்தக் காற்றில் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் எல்லாம் வெறிபிடித்தமாதிரி சுற்றும். மாமாவுக்கு இப்போது காது மந்தம். வாய்க்காலுக்குப் போவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து அவருக்கு அபிலாஷ் கதையைச் சத்தம்போட்டுச் சொன்னேன். புயல், முதுகெலும்பு, மறுபடி போனது, எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். கழிவறைக் கதவு வந்ததும் நிமிர்ந்தார்.

"என்ன மரம்?"

"தெரியல மாமா. பிளைவுட்டா இருக்கும்."

"எத்தன பலக வந்துச்சாம்?"

அதுவும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் காற்றையே கேட்டுக்கொண்டிருந்தார். "இம்புட்டுப் படிச்சிருக்க," என்றார், "அத மட்டும் கேக்காம விட்டுட்டியே மாப்ள."